விலகக் கற்றுக்கொள்ளும் கை

தியானப் பகுதி: அப்போஸ்தலருடைய நடபடிகள் 3:1-10



கடந்த மாதம் நம் சபையைச் சேர்ந்த இருவர், ஒருவர் வந்ததை மற்றவர் அறியாமலே, ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருவர் பள்ளிப்படிப்பை முடித்த இளைஞர்; மகன் மருத்துவராக வேண்டும் என்று அவருடைய பெற்றோர் பல ஆண்டுகளாக ஜெபித்து வருகிறார்கள். மற்றவர், பதினேழு ஆண்டுகள் கணினி நிறுவனத்தில் பணியாற்றி, இப்போது வேலையை இழந்து நிற்கும் சகோதரி. "ஐயா, நீங்கள் படித்த படிப்பை நானும் படிக்கலாமா?" என்பதே இருவருடைய கேள்வியும். இருவரும் குரலைத் தாழ்த்தியே கேட்டார்கள். படிப்பின் பெயரில் "உதவியாளர்" என்ற சொல் இருப்பதே அந்தத் தயக்கத்திற்குக் காரணம் என்பதை அவர்கள் சொல்லாமலே நான் அறிந்துகொண்டேன். அவர்களுக்குத் தனித்தனியே சொன்ன பதிலை, இந்த வாரத் தியானமாக உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

சபைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. ஞாயிறுதோறும் உங்களுக்குப் பிரசங்கிக்கும் நான், வாரத்தின் ஐந்து நாட்களும் இந்த டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு மறுவாழ்வு மையத்தில் பிசிக்கல் தெரபிஸ்ட் அசிஸ்டன்ட், அதாவது இயன்முறை சிகிச்சை உதவியாளராகப் பணியாற்றுகிறேன். நம் சபை சிறியது. ஒரு போதகரின் குடும்பத்தை முழுவதும் தாங்கும் வசதி அதற்கு இல்லை. அந்தப் பாரத்தை உங்கள்மேல் வைக்க எனக்கும் மனமில்லை. கொரிந்து பட்டணத்தில் பவுல் கூடாரம் செய்து பிழைத்தார். நான் என் 44ஆம் வயதில் ஒரு தொழிற்கல்லூரியில் சேர்ந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளும் என் மனைவி மருத்துவமனையில் இரவுப் பணி செய்து வீட்டைத் தாங்கினார்.

கோபுரம் கட்டப் புறப்படுகிறவர் முதலில் செலவைக் கணக்கிட வேண்டும் என்று நம் ஆண்டவர் போதித்திருக்கிறார். ஆகையால் படிப்பைப் பற்றிய உண்மைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இன்று அமெரிக்காவில் ஒருவர் பிசிக்கல் தெரபிஸ்ட் ஆக வேண்டுமானால், இளங்கலைப் படிப்புக்குப் பிறகு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் படித்து டாக்டர் நிலைப் பட்டம் பெற வேண்டும். உதவியாளருக்கு இரண்டாண்டு அசோசியேட் பட்டம். முதற்பகுதியில் உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், கணிதம், ஆங்கிலம். அதன்பின் தசையும் மூட்டும் இயங்கும் முறை, நோயியல், உடற்பயிற்சி சிகிச்சை, பக்கவாதம் போன்ற நரம்பு நோய்களுக்கான மறுவாழ்வு, வெப்பம், பனிக்கட்டி, மின்தூண்டல் முதலியவற்றின் பயன்பாடு, தொழிலின் சட்டமும் ஒழுக்கமும். இவற்றோடு ஏறத்தாழ 16 வாரங்கள் முழுநேரமாக நோயாளிகளிடையே பயிற்சி. எல்லாம் முடிந்த பின் தேசியத் தேர்வு. 200 முதல் 800 வரையிலான அளவில் 600 பெற்றால் தேர்ச்சி. டெக்சாஸில் உரிமம் பெறுவதற்கு மாநிலச் சட்டத்தைப் பற்றிய தனித் தேர்வும் உண்டு.

சேருமுன் இரண்டு காரியங்களை விசாரியுங்கள். ஒன்று, அந்தக் கல்லூரியின் இந்தப் படிப்புக்கு 'கேப்டி' எனப்படும் தொழில்முறைக் குழுவின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது. கல்லூரிக்குப் பொதுவான அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. 2015ஆம் ஆண்டில் கொரிந்தியன் கல்லூரிகளும், 2016ஆம் ஆண்டில் ஐடிடி தொழில்நுட்பக் கல்லூரிகளும் மூடப்பட்டபோது, பல்லாயிரம் மாணவர்கள் கடனோடும் பாதிப் படிப்போடும் நின்றார்கள். அவர்களில் அநேகர் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய வயதில் இருந்த எளியவர்கள். ஆகையால் விளம்பரத்தை நம்பிக் கையெழுத்திடாதீர்கள். கடந்த ஆண்டுகளில் எத்தனை விழுக்காட்டினர் தேசியத் தேர்வில் தேறினார்கள் என்று கேளுங்கள். இரண்டாவது, உதவியாளர் படிப்பில் முடித்த பாடங்கள் பெரும்பாலும் தெரபிஸ்ட் படிப்பில் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. "இப்போதைக்கு உதவியாளர், பிறகு டாக்டர்" என்று இதை ஒரு படிக்கட்டாக எண்ணிச் சேருகிறவர்கள் மனமுடைந்துபோவதை நான் கண்டிருக்கிறேன். உதவியாளராகவே இருக்க மனமுள்ளவர்களுக்கான படிப்பு இது.

அந்தச் சொல்லைத்தான் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

முதல் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய அமெரிக்கப் போர்வீரர்களை மறுபடியும் எழுந்து நடக்கச் செய்வதற்காக, 1918ஆம் ஆண்டளவில் பெண்கள் பலர் விரைந்து பயிற்றுவிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு அரசு அளித்த பெயர் "மறுசீரமைப்பு உதவியாளர்கள்" என்பதாகும். மேரி மெக்மில்லன் என்ற அம்மையார் அவர்களில் முன்னோடி. 1921இல் அவர்கள் ஒன்றுகூடி ஏற்படுத்திய சங்கமே இன்று இந்தத் தொழிலின் தேசியச் சங்கமாக வளர்ந்திருக்கிறது. பின்னர் இளம்பிள்ளை வாதம் பரவிய காலத்தில் அவர்களுடைய கைகளே ஆயிரக்கணக்கான பிள்ளைகளைத் தாங்கின. 1965இல் முதியோருக்கான மெடிகேர் திட்டம் வந்து தேவை பெருகியபோது, புதிதாக ஒரு உதவியாளர் நிலை தேவைப்பட்டது. 1967இல் மையாமியிலும் மினியாபொலிஸிலும் முதல் வகுப்புகள் தொடங்கின. 1969இல் முதல் மாணவர்கள் பட்டம் பெற்றார்கள். இன்று டாக்டர் என்று அழைக்கப்படுகிறவர்களின் தொழிலும் "உதவியாளர்" என்ற பெயரிலிருந்தே புறப்பட்டது என்பதை நினைவில் வையுங்கள்.

பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில், தேவன் சபைக்குக் கொடுத்த வரங்களை வரிசைப்படுத்துகிறார். குணமாக்கும் வரங்களைச் சொன்னவுடன், பிறருக்குத் துணைநிற்கும் ஊழியத்தைச் சொல்லுகிறார். ஆளுகை செய்யும் வரம் அதற்குப் பின்னரே வருகிறது. நாமோ இந்த வரிசையைத் தலைகீழாக்கி, துணைநிற்கிற வேலையைக் கடைசியில் வைத்துவிட்டு, அதைக் கேட்பதற்கே குரலைத் தாழ்த்துகிறோம்.

இனி வகுப்பறைக்குள் உங்களை அழைத்துச் செல்கிறேன்.

என் வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இருபது வயதினர். முன்னாள் இராணுவ வீரர் ஒருவரும், மூன்று பிள்ளைகளின் தாய் ஒருவரும், நானும் மாத்திரம் நரைத்தவர்கள். ஒருவர்மேல் ஒருவர் பயிற்சி செய்தோம். கோனியாமீட்டர் என்ற எளிய கோணமானியை முழங்காலின் பக்கத்தில் வைத்து, எத்தனை பாகை மடங்குகிறது என்று அளந்தோம். நாற்காலியிலிருந்து எளிதாய் எழுந்திருக்க முழங்கால் 90 பாகைக்கு மேல் மடங்க வேண்டும். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்ட ஒருவருக்கு 80க்கும் 95க்கும் இடையிலுள்ள அந்தப் பதினைந்து பாகை, பிறருடைய கையை எதிர்பார்ப்பதற்கும் தானே எழுவதற்கும் இடையிலுள்ள தூரமாகும்.

தசையின் பலத்தை அளப்பதற்குக் கருவி வேண்டியதில்லை, கையே போதும். 0 முதல் 5 வரை மதிப்பெண். எதிர்ப்பை முழுவதும் தாங்கினால் 5. புவியீர்ப்பை மட்டும் வென்று அசைந்தால் 3. அசைவே இல்லாவிட்டால் 0. ஆனால் 0க்கும் 2க்கும் இடையில் 1 என்று ஒன்று உண்டு. கால் அசைவதில்லை; பார்க்கிறவர் கண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. தசையின்மேல் விரல்களை வைத்து, நோயாளியை முயலச் சொல்லி, மூச்சடக்கிக் காத்திருந்தால், தோலுக்கடியில் ஒரு மெல்லிய துடிப்பு தட்டுப்படும். அதற்கு 1 மதிப்பெண். "0 என்று எழுதுவதற்கு முன் மறுபடியும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்" என்று எங்கள் ஆசிரியை ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லுவார். புகைந்துகொண்டிருக்கும் திரியை அணைக்காத தாசனைக் குறித்து ஏசாயா 42ஆம் அதிகாரத்தில் நாம் வாசிக்கிறோம். அந்த வசனத்தின்மேல் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அதன் பொருளை என் விரல்நுனியில் உணர்ந்தது அந்த ஆய்வகத்தில்தான்.

நோயாளியை நடக்கவைக்கும் முறைக்கு ஒரு முழுப் பருவமே செலவாயிற்று. இடுப்பைச் சுற்றி அகன்ற வார் ஒன்றைக் கட்டுவோம். உதவியாளர், பலவீனமான பக்கத்தில், சற்றே பின்னால் நிற்க வேண்டும். வாரின் அடியிலிருந்து பிடிக்க வேண்டும். படியேறும்போது நோயாளிக்குப் பின்னால். இறங்கும்போது அவருக்கு முன்னால். அதாவது எப்போதும் கீழ்ப்படியில். அவர் விழுந்தால் எந்தப் பக்கம் விழுவாரோ, அங்கே நிற்பதே உதவியாளரின் இடம். ஏறுகையில் நல்ல காலை முதலில் எடுத்து வைக்க வேண்டும். இறங்குகையில் பலவீனமான காலை. "நல்லது பரலோகத்துக்கு, கெட்டது நரகத்துக்கு" என்பது மாணவர்கள் இதை நினைவில் வைக்கும் வாய்பாடு. ஆசிரியை அதைச் சொல்லும்போது வகுப்பு முழுவதும் போதகராகிய என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. உபதேசமாக அதை ஏற்க இயலாது. படிக்கட்டுக்கு அது மிகச் சரி.

செய்முறைத் தேர்வில், சக்கர நாற்காலியின் பிரேக்கைப் பூட்டாமல் நோயாளியை எழுப்பினால் அந்த நொடியே தோல்வி. மற்ற யாவும் சரியாக இருந்தாலும் மன்னிப்பில்லை. ஆனால் அதைவிட அதிகமாக மாணவர்கள் தடுமாறிய இடம் வேறொன்று. நோயாளி தள்ளாடியவுடன் வாரைப் பிடித்து மேலே இழுத்துவிடுவார்கள். ஆசிரியை நிறுத்துவார். "வார் இழுப்பதற்கு அல்ல. அவர் செய்யக்கூடியதை நீங்கள் செய்துவிட்டால், நாளைக்கு அவரால் அதைச் செய்ய இயலாது" என்பார்.

அந்த உதவிக்கு ஓர் அளவுகோல் உண்டு. எழுந்து நிற்க வேண்டிய முயற்சியில் நோயாளி கால்பங்கிலிருந்து பாதிவரை தாமே செய்தால் அது பேருதவி. பாதியிலிருந்து முக்கால் பங்குவரை செய்தால் நடுத்தர உதவி. முக்கால் பங்குக்கு மேல் செய்தால் சிற்றுதவி. அதன்பின் வருவது, கை அவர்மேல் தொட்டபடி இருக்கும், பலம் கொடுக்காது என்ற நிலை. அதற்கும் பின், கை விலகியிருக்கும். ஆள் மட்டும் அருகில் நிற்பார். கடைசியில் யாரும் வேண்டியதில்லை. நாள்தோறும் சிகிச்சை முடிந்தவுடன் அன்றைய அளவைக் குறிப்பேட்டில் எழுதுகிறோம். நான் எவ்வளவு செய்தேன் என்பதை எழுதுவது, அடுத்த வாரம் அதைவிடக் குறைவாகச் செய்ய வேண்டும் என்பதற்காகவே. தன் பங்கு நாளுக்குநாள் சிறுத்துக்கொண்டு போவதையே வெற்றியாக எழுதும் ஒரு தொழிலை அதற்குமுன் நான் அறிந்ததில்லை. ஆனால் யோவான் ஸ்நானகனை அறிந்திருந்தேன். தாம் சிறுகவும் ஆண்டவர் பெருகவும் வேண்டும் என்று சந்தோஷத்தோடு சொன்ன மனிதன் அவன்.

பயிற்சிக் காலத்தில், லாரி ஓட்டுநராயிருந்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து எங்களிடம் வந்தார். அவருடைய தொடைத் தசைக்கு நாங்கள் முதலில் கொடுத்த மதிப்பெண் 1. எட்டு வாரங்கள். இணைக் கம்பிகளுக்கிடையில் தொடங்கி, பிறகு வாக்கர், பிறகு ஊன்றுகோல். சில நாட்களில் கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒருநாள் வாய்விட்டு அழுதார். கடைசி வாரத்தில் நான் இரண்டடி தள்ளி நிற்க, அவர் கூடத்தின் மறுமுனையில் அமர்ந்திருந்த தம் மனைவியிடம் தாமாக நடந்து போனார். வீடு திரும்பும் நாளில் தெரபிஸ்டுக்கு நன்றி சொன்னார். செவிலியருக்கு நன்றி சொன்னார். என்னை வேறொரு மாணவரின் பெயரால் அழைத்துக் கைகுலுக்கினார். நான் திருத்தவில்லை. அவருக்கு நான் வேண்டியதில்லை என்ற நிலைக்கு வந்திருந்தார்; அதற்காகத்தானே அந்த எட்டு வாரங்களும்.

உதவியாளருக்கு எல்லையும் உண்டு. நோயாளியைப் பரிசோதித்து, குறையைக் கண்டறிந்து, சிகிச்சைத் திட்டத்தை வகுப்பது தெரபிஸ்டின் பொறுப்பு. அந்தத் திட்டத்திற்குள் நின்று செய்வதே உதவியாளரின் பொறுப்பு. எதையும் யோசிக்காமல் செய்வது என்று இதற்குப் பொருளல்ல. ஒருமுறை, இடுப்பெலும்பு அறுவை முடிந்த அம்மையார் ஒருவரை நடக்கவைக்கச் சென்றேன். அன்றைய திட்டம் ஐம்பது அடி நடை. ஆனால் அவருடைய ஒரு கெண்டைக்கால் மற்றதைவிட வீங்கி, சிவந்து, தொட்டால் சூடாயிருந்தது. அது இரத்தக் கட்டியின் அடையாளமாக இருக்கலாம் என்று படித்திருந்தோம். நடையைத் தொடங்காமல், அவரைப் படுக்கையிலேயே இருக்கச் செய்து, தெரபிஸ்டை அழைத்தேன். அன்று மாலை செய்த ஸ்கேனில் கட்டி இருப்பது தெரிந்தது. பெயர் சொல்லி நோயை அறிவிக்க எனக்கு அதிகாரமில்லை. கண்டதைத் தாமதமின்றிச் சொல்ல வேண்டிய கடமை இருந்தது. அதிகாரம் குறைந்த இடத்தில் பொறுப்பும் குறைந்துவிடும் என்று எண்ணாதீர்கள்.

இப்போது தியானப் பகுதியைத் திறந்து பாருங்கள். அலங்கார வாசலில் கிடந்த மனிதன் பிறவியிலேயே நடக்க இயலாதவன். நாற்பது வயதைக் கடந்தவன் என்று அடுத்த அதிகாரம் சொல்லுகிறது. அவனை நாள்தோறும் சிலர் சுமந்துகொண்டு வந்து வாசலில் வைப்பார்கள். அவர்கள் நல்லவர்கள், அவர்களைக் குறைகூற எனக்கு வாயில்லை. ஆனால் எத்தனை ஆண்டுகள் சுமந்தாலும் அவன் போய்ச் சேர்ந்த இடம் வாசல், உள்ளே போனதில்லை. பேதுருவோ அவனைச் சுமக்கவில்லை. இயேசுவின் நாமத்தைச் சொல்லி, வலது கையைப் பிடித்து எழுப்பினான். பலம் வந்தது பேதுருவின் கையில் அல்ல, அந்த மனிதனின் கால்களில். இதை எழுதிய லூக்கா வைத்தியன் என்பதை அறிவீர்கள். பாதங்கள், கணுக்கால்கள் என்று பெயர் சொல்லியே எழுதுகிறார். பிறகு நடந்ததைக் கவனியுங்கள். குதித்ததும் நடந்ததும் தேவனைத் துதித்ததும் அவனே. கையைப் பிடித்த பேதுரு அந்த வாக்கியங்களில் பின்னுக்குப் போய்விடுகிறான்.

அது அற்புதம், நான் செய்வது தொழில். இரண்டையும் ஒன்றாக்க மாட்டேன். ஆயினும் பிடித்து எழுப்பி, பிறகு விடுகிற கையை அங்கே காண்கிறேன்.

"எல்லோரும் நடந்துவிடுகிறார்களா, ஐயா?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இந்தக் கேள்விக்குப் பதிலாக, நம் ஊர்ச் சபைகள் நன்கு அறிந்த டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையாரை நினைவுகூருகிறேன். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் இளம் மருத்துவராயிருந்த அவர், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். மறுபடி நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டின் வழிகாட்டுதலில், தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவத்தின் முன்னோடியான டாக்டர் ஹோவர்ட் ரஸ்கின் நிலையத்தில் பயின்று, வேலூருக்குத் திரும்பி அந்தத் துறைக்குத் தலைமை தாங்கினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. கால்கள் எழும்பாமலே ஒரு மனிதரை எழுப்ப முடியும் என்பதற்கு அவர் சாட்சி. படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தாமே மாறக் கற்றுக்கொள்ளும் ஒருவரின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவு வருகிறது. அதுவும் எழுந்து நிற்பதுதான்.

படிப்பின் இரண்டாம் ஆண்டில் இந்தப் பாடம் என் வீட்டுக்குள்ளேயே வந்தது. பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டில் இருந்த என் தாயார், தம் 79ஆம் வயதில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நன்றாக முடிந்தது. கால் ஊன்றி நடக்கலாம் என்று மருத்துவர் அனுமதியும் கொடுத்துவிட்டார். ஆனால் வீட்டில் யாரும் அவரை எழவிடவில்லை. தண்ணீர், சாப்பாடு, துணி எல்லாம் கட்டிலுக்கே வந்தன. அண்ணனும் பேரன்மாரும் தூக்கி எடுத்தே எல்லாம் செய்தார்கள். அன்பில் ஒரு குறையும் இல்லை. ஐந்து வாரத்தில் தொடைகள் மெலிந்துவிட்டன, உட்கார்ந்தால் தலைசுற்றல்.

உள்ளூரில் ஒரு பிசியோதெரபிஸ்ட் சகோதரியை வீட்டுக்கு வரும்படி ஏற்பாடு செய்தேன். அவர் வகுத்துக் கொடுத்தபடி அம்மா நாளொன்றுக்கு எத்தனை முறை எழ வேண்டும் என்பதை, இரவுதோறும் வீடியோவில் அழைத்து விசாரிப்பேன். மதினிக்கு அது பொறுக்கவில்லை. "தம்பி, அத்தைக்கு வலிக்குது. நீங்க அங்க இருந்துக்கிட்டு எழும்பு எழும்புன்னு சொல்றீங்க. பார்க்கிற எங்களுக்குத்தானே தெரியும்" என்றார்கள். அம்மாவே ஒருநாள், "ஏ ராசா, கடல் கடந்து போயி நீ படிச்சது இதுதானா, பெத்தவளைக் கஷ்டப்படுத்தவா?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு நாவெழவில்லை. அழைப்பை முடித்துவிட்டு வெகுநேரம் முழங்காலில் இருந்தேன். மறுநாள் இரவு மறுபடி அழைத்தேன். மறுபடி எண்ணிக்கையைக் கேட்டேன்.

இரண்டு மாதத்திற்குப் பிறகு மதினி தாமாகவே என்னை அழைத்தார்கள். "தம்பி, காலையில அடுப்படியில சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். அத்தை வாக்கரைப் பக்கத்துல நிப்பாட்டிட்டு, அவங்களே காப்பி போட்டுக்கிட்டு நிக்காங்க" என்று சொல்லிவிட்டு அழுதார்கள். அதன்பின் மூன்று ஆண்டுகள் அம்மா உயிரோடிருந்தார். கடைசி மாதங்கள்வரை தம் காப்பியைத் தாமே போட்டுக் குடித்தார். இன்றைக்கும் சொல்லுகிறேன், அதில் பாதிப் புண்ணியம் மதினியுடையது. வலியைப் பார்த்துக்கொண்டே தூக்காமல் அருகில் நிற்பது, தூரத்திலிருந்து எண்ணிக்கை கேட்பதைவிடக் கடினமானது.

பிரியமானவர்களே, நம்மில் அநேகர் வீட்டில் வயதான தாய் தகப்பன் இருக்கிறார்கள். சிலர் ஊரிலிருந்து வந்து தங்குகிறார்கள். "நீங்க உட்காருங்க, நான் எடுத்துத் தாறேன்" என்பது நம் மரியாதையின் மொழி. சில வேளைகளில் அதை அடக்கிக்கொள்ளுங்கள். மருத்துவர் அனுமதித்திருந்தால், அவர்கள் தாமே எழுந்து தண்ணீர் எடுக்கட்டும். நீங்கள் பலவீனமான பக்கத்தில், சற்றே பின்னால் நில்லுங்கள். வழியில் கிடக்கும் சிறு கம்பளத்தையும் மின்கம்பியையும் அகற்றுங்கள். அதுவே அப்போது நீங்கள் செய்யவேண்டிய உதவி.

பிள்ளைகளை வளர்ப்பதிலும் இதுவே. மகனுடைய கல்லூரி விண்ணப்பத்தைத் தந்தையே எழுதுகிற வீடுகளை நான் அறிவேன். அந்தப் பிள்ளைகள் வாசல்வரை சுமக்கப்படுகிறார்கள். ஊழியத்திலும் இதுவே. உங்கள் வீட்டுக் காரியத்திற்காக ஜெபிக்கும்படி என்னை அழையுங்கள், மகிழ்ச்சியோடு வருவேன். ஆனால் நான் வந்தால்தான் ஜெபம் நடக்கும் என்ற நிலையில் உங்கள் வீடு இருக்குமானால், என் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். நான் அருகில் நிற்க, நீங்கள் ஜெபிக்கிற நாளையே எதிர்பார்க்கிறேன்.

அந்த இளைஞருக்கும் சகோதரிக்கும் நான் சொன்ன பதில் இதுதான். தம்பி, உன் பெற்றோரின் ஜெபம் வீணாகாது. ஆனால் மருத்துவராக முடியாததற்கு ஆறுதலாக இதைத் தேர்ந்துகொள்ளாதே. ஒரு மையத்திற்குச் சென்று, அனுமதி பெற்று, சில நாட்கள் நின்று பார். மூன்றாம் நாளும் அங்கே போக உன் மனம் விரும்பினால் விண்ணப்பித்துவிடு. அப்பாவிடம் நானே வந்து பேசுகிறேன். சகோதரி, வயதைக் குறித்துக் கலங்க வேண்டாம். நோயாளிகள் நரைத்த தலையை நம்புவார்கள். பண விஷயத்தில் அவசரப்படாதீர்கள். அரசு நடத்தும் சமுதாயக் கல்லூரிகளிலும் இதே படிப்பு உண்டு, கட்டணமும் பெரும்பாலும் குறைவு. உடற்கூறியல் பாடத்தை மட்டும் முதலில் எடுத்துப் பாருங்கள். 206 எலும்புகளின் பெயரையும் நானே உங்களிடம் கேட்டுச் சரிபார்க்கிறேன்.

மெடிகேர் திட்டம், 2022ஆம் ஆண்டிலிருந்து, உதவியாளர் அளிக்கும் வெளிநோயாளர் சிகிச்சைக்கு வழக்கமான தொகையில் 85 விழுக்காடு மட்டுமே கொடுக்கிறது. உலகம் நமக்குப் போடும் விலை அது. அதில் ஏற்றத்தாழ்வு இருந்துகொண்டேதான் இருக்கும். ஒருவர் நம் கையை விட்டு இரண்டடி எடுத்து வைக்கும்போது அந்தக் கணக்கை யாரும் நினைப்பதில்லை.

இந்த வாரம் ஒரு காரியத்தைச் செய்யுங்கள். நீங்கள் தாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தாயாரோ, பிள்ளையோ, நண்பரோ. அவருக்காக நீங்கள் செய்துவரும் காரியங்களில், அவர் தாமே செய்யக்கூடியது எது என்று ஆண்டவரிடத்தில் கேளுங்கள். அதிலிருந்து மட்டும் கையை எடுங்கள். காலை எடுக்காதீர்கள், அங்கேயே நில்லுங்கள்.

ஜெபம்: எங்கள் தளர்ந்த முழங்கால்களை அறிந்திருக்கிற ஆண்டவரே, எங்களை எழுப்பின உம்முடைய கைக்காக ஸ்தோத்திரம். பிறரைத் தாங்கும் பலத்தை எங்களுக்குத் தாரும். தாங்கியது போதும் என்று அறிந்து விலகும் ஞானத்தையும், விலகியபின் அருகில் நிற்கும் பொறுமையையும் தாரும். படுக்கையில் இருக்கிறவர்களையும், அவர்களைப் பராமரித்துச் சோர்ந்துபோனவர்களையும் நினைத்தருளும். வேலையிழந்து புதிய வழி தேடும் எங்கள் சகோதர சகோதரிகளுக்கு வாசலைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.